தென்கச்சியாரை வாய்விட்டுப் படியுங்கள்

தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ தொகுதிகள் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அவற்றை மனத்துக்குள் படிக்காதீர்கள். வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் ஒரே ஒருவர் இருந்தாலும் போதும், அவருக்குக் கேட்கும்படி படியுங்கள். அவை கண்ணுக்காக எழுதப்பட்ட புத்தகங்கள் அல்ல.

நாற்பது வயதைத் தாண்டிய தமிழர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையோரம் இருக்கும் தென்கச்சிப் பெருமாள் நத்தம் அவருடைய ஊர். வேளாண்மைப் பட்டம் பெற்று, வேளாண் அலுவலராகச் சில காலம் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தவர். 1977இல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் சேர்ந்தார், 1984இல் சென்னைக்கு வந்தார். 1988இல் ‘இன்று ஒரு தகவல்’ வானொலி நிகழ்ச்சி தொடங்கியது. ஏறத்தாழ 14 ஆண்டுகள் காலைதோறும் அந்தக் குரல் ஒலித்தது. 2002இல் உதவி நிலைய இயக்குநராக ஓய்வு பெற்றார். 2009 செப்டம்பர் 16 அன்று மறைந்தார்.

நிகழ்ச்சி சில நிமிடங்கள்தான். உடல்நலம், அறிவியல், வரலாறு, மனித குணம் என்று ஏதாவது ஒரு செய்தி வரும். அதைக் குழந்தைக்குச் சொல்வதுபோல எளிமையாகச் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் ஒரு குட்டிக்கதை. கதையின் கடைசி வரியில் கேட்பவர் வெடித்துச் சிரிப்பார். சொன்னவர் சிரிக்கமாட்டார், குரல்கூட மாறாது. அந்தச் சிரிக்காத குரலுக்காகவே டீக்கடையில் வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்தார்கள். காரைக்கால் பக்கத்து மீனவ ஊரான எங்கள் கருக்களாச்சேரியில் அப்போது கரையெல்லாம் கட்டுமரங்கள். கடலுக்குப் போனவர்கள் மீனை இறக்கிவிட்டு வரும் நேரமும் அவர் பேசும் நேரமும் பல நாள் ஒன்றாக அமைந்துவிடும். ஏலம் எடுக்க வந்த பெண்கள் கூடையை இறக்காமல் நின்று கேட்டதைச் சிறு வயதில் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குரல் நின்ற பிறகு நமக்கு மிச்சம் புத்தகங்கள்தான். பல பாகங்களாக வெளிவந்து, பல பதிப்புகள் கண்டவை. இவற்றை முதலில் எல்லோரையும் போல நாற்காலியில் சாய்ந்து, ஒன்றன் பின் ஒன்றாகப் படித்தேன். பத்துப் பக்கம் தாண்டியதும் சலிப்பு தட்டியது. ஒரு நகைச்சுவை முடிந்த கையோடு அடுத்தது வருவதால் எதுவும் மனத்தில் தங்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்று அளந்து கொடுத்ததை மொத்தமாக விழுங்கினால் வேறு என்ன ஆகும்?

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இந்தப் புத்தகங்களை நான் சரியாகப் படித்தேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகைக் கரையேற்றி வேலை பார்ப்பதும், வலை பொத்துவதும் அந்த நாட்களில்தான். வலைக்கூடத்தில் நாலைந்து பேர் கால் நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, ஊசியை விட்டு விட்டு வாங்குவார்கள். கைக்கு வேலை, காது சும்மா இருக்கும். அங்கே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன்.

முதல் கதையை நான் படித்த வேகத்தைப் பார்த்து, எங்கள் மாமா ஒருவர் ஊசியை நிறுத்தினார்.

“தம்பி, ஏன் இப்படி ஓடுற? அந்த ஆளு இந்த இடத்துல சத்த நிப்பாரு. நின்னுட்டுத்தான் சொல்லுவாரு.”

அவர் சொன்ன இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, கடைசி வரியைச் சாதாரணக் குரலில் சொன்னேன். கூடமே சிரித்தது. மாமா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் அந்தக் கதை எங்கே நிற்க வேண்டும் என்பது இத்தனை ஆண்டு கழித்தும் அவர் காதில் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கங்களை வேறு கண்ணோடு பார்த்தேன். வாக்கியங்கள் சின்னவை. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திக்கு மேல் இருக்காது. காதால் கேட்பவருக்குப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வழியில்லை அல்லவா? அதனால் முக்கியமான சொல்லைச் சற்றுத் தள்ளி இன்னொரு தரம் சொல்வார். கண்ணுக்கு அது தேவையில்லாத திரும்பச் சொல்லலாகத் தெரியும், காதுக்கு அது பிடிமானம். கதையில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. ‘ஒருத்தர்’, ‘இன்னொருத்தர்’, அவ்வளவுதான். பெயர் இல்லாததால் கேட்பவர் அந்த இடத்தில் தன் அண்டை வீட்டுக்காரரை வைத்துக்கொள்வார். முல்லா கதையோ ஜென் கதையோ, எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும், அவர் சொன்னால் அது நம் தெருவில் நடந்ததாகிவிடும். வயலில் நின்ற ஒருவர், உழவர்களுக்கு வானொலியில் பேசிப் பழகியவர் என்பதை மறக்கக்கூடாது. புரியாதபடி பேசினால் எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

வானொலிச் சிரிப்பு புத்தகமாவது உலகம் முழுதும் நடந்திருக்கிறது. பிபிசியில் 1956இல் தொடங்கிய ‘மை வேர்ட்’ நிகழ்ச்சியின் முடிவில் ஃப்ராங்க் ம்யூரும் டெனிஸ் நார்டனும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒரு பழமொழியையோ புகழ்பெற்ற வரியையோ எடுத்து, அதன் ஒலியைக் கோணலாக்கி, அங்கே போய் முடியும்படி ஒரு கதை கட்டுவார்கள். அந்தக் கதைகளும் தொகுதிகளாக வந்தன. 1978இல் பிபிசி வானொலியில் நகைச்சுவைத் தொடர் எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ் மறு ஆண்டே அதை நாவலாக்கினார், நாவல் உலகப் புகழ் பெற்றது. ஆடம்ஸ் புத்தகத்துக்காக மாற்றி எழுதினார். தென்கச்சியாரின் பக்கங்களோ காற்றில் போன பேச்சாகவே இருக்கின்றன. அதுதான் அவற்றின் பலம் என்பது என் உறுதியான எண்ணம்.

குறை இல்லாமல் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சொல்லப்பட்ட மருத்துவ, அறிவியல் செய்திகள் சிலவற்றுக்கு இன்று வயதாகிவிட்டது. அவற்றை மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கதைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மனிதனின் பேராசையும் அசட்டுத்தனமும் அப்படியேதான் இருக்கின்றன.

பதிப்பாளர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அடுத்த பதிப்பில் ஒவ்வொரு கட்டுரையோடும் அது ஒலிபரப்பான ஆண்டைப் போடுங்கள். முடிந்தால் ஒலிப்பதிவையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு சில பதிவுகள் இணையத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. 14 ஆண்டு உழைப்புக்கு அது போதாது. காரைக்கால் பண்பலை போன்ற நிலையங்கள் காலையில் ஒரு பழைய பதிவைப் போட்டால், நாங்கள் கேட்கத் தயாராக இருக்கிறோம்.

ஆசிரியர்களே, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் கண் மங்கிய பாட்டி இருந்தால் இன்றைக்கே ஒன்று படித்துக் காட்டுங்கள். நாளைக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.