தலைநகரில் இரண்டு இடங்கள் போதும்

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் கடலூர் மாவட்டப் பள்ளிகளிலிருந்து சென்னைக்குச் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பத் தொடங்கிவிடும். குறிஞ்சிப்பாடி, வடலூர், புவனகிரி, சிதம்பரம் என எந்த ஊர்ப் பள்ளியானாலும் பயணத்திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நள்ளிரவை ஒட்டிப் புறப்பாடு, விடியலில் சென்னை. வண்டலூர் உயிரியல் பூங்கா, பிர்லா கோளரங்கம், எழும்பூர் அருங்காட்சியகம், தலைவர்களின் நினைவிடங்கள், மெரினா என்று பகல் முழுக்க ஓட்டம். நேரமிருந்தால் திரும்பும் வழியில் மாமல்லபுரம். மறுநாள் கோழி கூவும் நேரத்தில் ஊர். தங்கும் செலவு மிச்சம், பேருந்து வாடகை ஒரு நாளோடு முடிகிறது, கொடுத்த பணத்துக்கு ஏழெட்டு இடம் பார்த்தாயிற்று என்று பெற்றோருக்கும் நிறைவு. இந்தக் கணக்கில் ஒருவர் மட்டும் விடுபட்டுப்போகிறார். நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு இரண்டு இரவும் ஒரு பகலும் சரியான தூக்கமில்லாமல் உடன் செல்லும் ஆசிரியர்தான் அவர். அவரால் எவ்வளவு பார்த்துக்கொள்ள முடியும் என்ற கேள்வியிலிருந்துதான் பயணத்திட்டம் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் தலைநகரில் ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வராது. பாதுகாப்புக்கு அதுவே அரண். பிள்ளைகள் எதையாவது கற்றுத் திரும்பவும் அதுவே வழி.

பள்ளிப் பயணங்களில் நடந்த பெரிய விபத்துகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதற்கான காரணம் புரியும். 1995 மே 28 அன்று, பதான்கோட் அருகிலுள்ள பள்ளி ஒன்றிலிருந்து பியாஸ் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் சென்ற மாணவர்களில் 14 பேர் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு மூழ்கியதில் 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் பலியானார்கள். 2023 பிப்ரவரி 15 அன்று புதுக்கோட்டை மாவட்டம் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவியர் தொட்டியத்துக்குக் கால்பந்துப் போட்டிக்காகச் சென்றிருந்தார்கள். மாயனூர்க் காவிரியில் இறங்கியபோது அவர்களில் நான்கு சிறுமிகள் மூழ்கிப்போனார்கள். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அந்தப் படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தார்கள்; எல்லோருக்கும் உயிர்காப்பு உடை தரப்படவில்லை. இந்த நான்கு இடங்களிலும் பெரியவர்கள் கூடவே இருந்தார்கள். இரண்டு இடங்களில் பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியர்களும் உயிர்விட்டார்கள். ஆகவே அன்பு போதவில்லை என்று பொதுப்படையாகப் பழி சொல்வது எதையும் விளக்காது. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்ற முடிவு படகுக்காரரிடம் போய்விட்டது. பந்து விளையாடப் போன பயணத்தின் நடுவே ஆறு வந்து சேர்ந்தது. பொறுப்பு கைமாறுகிற நேரமும், திட்டத்தில் முன்கூட்டி யோசிக்கப்படாத நேரமும்தான் ஆபத்தான நேரங்கள். ஒரு நாளில் நிறுத்தங்கள் கூடக்கூட இந்த நேரங்களும் கூடுகின்றன.

சாலைப் பயணத்துக்கும் இது பொருந்தும். 2022 அக்டோபர் 5 இரவு, எறணாகுளம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஊட்டிக்குச் சென்ற சுற்றுலாப் பேருந்து, வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. இறந்த 9 பேரில் 5 பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். பள்ளிச் சுற்றுலாக்களில் இரவுப் பயணம் கூடாது என்ற விதியைக் கேரளக் கல்வித்துறை அதன் பிறகு மீண்டும் வலியுறுத்தியது. குறிஞ்சிப்பாடியிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். நிறுத்தங்களையும் நகர நெரிசலையும் சேர்த்தால் ஒரு வழிக்கே ஐந்து மணி நேரம் ஆகும். போகவர மட்டும் பத்து மணி நேரம். நகருக்குள் இடம் இடமாகச் சுற்றும் நேரம் தனி. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலையைத்தான் பொதுவிதியாக வைத்திருந்தது. இரவு முழுக்க ஓட்டி வந்தவரே பகலில் அண்ணா சாலை நெரிசலில் ஓட்டி, மறுபடி இரவில் ஊர் திரும்ப ஓட்ட வேண்டும் என்று போடப்படும் திட்டம், பேருந்தில் ஏறும் முன்பே விபத்தைப் பாதி அழைத்துவிடுகிறது. இரண்டாவது ஓட்டுநர் வேண்டும். அல்லது காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பத்துக்குச் சேர்ந்து, மாலை நான்குக்குக் கிளம்பி ஒன்பதுக்கு வீடு திரும்ப வேண்டும். இரண்டாம் வழியைப் பின்பற்றும்போதும் மாற்று ஓட்டுநர் இருப்பதே நல்லது. பகல் பயணமென்றால் சென்னையில் கையிலிருப்பது ஆறு மணி நேரம். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் போனது போக மிஞ்சுவதில் இரண்டு இடங்களைத்தான் மரியாதையாகப் பார்க்க முடியும்.

திட்டமில்லாத நேரம் எப்படி உருவாகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர்ப் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை. இதை விசாரிக்காமல் போய் மூடிய வாசலில் நிற்கும் குழுவுக்கு உடனே நினைவுக்கு வருவது மெரினாதான். அங்கே கட்டணமில்லை, கதவுமில்லை. கடற்கரையில் ஐம்பது பிள்ளைகளை இறக்கிவிட்டால், ‘கால் மட்டும் நனைச்சுக்கிறோம் சார்’ என்று தொடங்குவது இடுப்பளவு வரை போக ஐந்து நிமிடம் ஆகாது. கிள்ளை, தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்கம் உண்டு. கடலைவிட்டுத் தள்ளிய ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அது இல்லை. மெரினாவில் அலை பின்வாங்கும் இழுப்பு பலமானது. நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே மாண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் யார் தண்ணீரில், யார் ஐஸ்கிரீம் வண்டியருகில் என்று மூன்று ஆசிரியர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கடற்கரையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவது கருமித்தனம் ஆகாது. நம்மால் காக்க முடியாத இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாத நேர்மை அது.

உடன் செல்லும் வேலை என்றால் விசிலும் அதட்டலும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி புறப்படுவதற்கு முன்பே செய்யப்படுவது. பெயர்ப் பட்டியல் இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று பேருந்தில், ஒன்று பள்ளியில். யாருக்கு வலிப்பு, யாருக்கு ஆஸ்துமா, யாருக்குப் பேருந்தில் வாந்தி வரும் என்று பெற்றோரிடம் எழுதி வாங்க வேண்டும். மாணவியருக்கு நல்ல கழிப்பறை எந்தெந்த நிறுத்தத்தில் உண்டு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழுவது சிறுமிகளுக்கு நேரக்கூடிய ஒன்று. நாப்கின் ஒரு பையில் தயாராக இருக்க வேண்டும், அது இருப்பது எல்லா மாணவியருக்கும் தெரிந்திருக்கவும் வேண்டும். இங்கிலாந்தின் கல்வித்துறை 1998இல் வெளியிட்ட வழிகாட்டி, பதினொரு வயதுக்கு மேற்பட்ட 15 முதல் 20 மாணவர்களுக்கு ஒரு பெரியவர் என்ற விகிதத்தைத் தொடக்கமாகக் கொண்டது. முன்பின் சென்னை பார்த்திராத பிள்ளைகளுக்குப் பத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பத்துப் பேரின் முகமும் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேரும் இரண்டிரண்டு பேராக இணைந்திருந்தால், ஒருவர் காணாமல் போனதை முதலில் சொல்வது பக்கத்தில் இருக்கும் பிள்ளையாகத்தான் இருக்கும்.

இடங்களைக் குறைத்தால் அறிவு குறையுமா என்பதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையைக் கடலூர் மாவட்டப் பிள்ளைகள் பார்க்க ஒரு தனிக் காரணம் உண்டு. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராத்தியரிடமிருந்து வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை நிலம் என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு மாறியது. 1752 வரை அங்கேயே இருந்தது. சென்னையிலிருந்து தப்பிக் கடலூருக்கு வந்து சேர்ந்தவர்களில் இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவும் ஒருவர். இதைத் தெரிந்துகொண்டு கோட்டைக்குள் நுழையும் பிள்ளைக்கு, 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயமும் இன்றைய சட்டமன்றமும் வேற்றூர்க் காட்சிகளாக இருக்காது. தன் ஊரின் கதையில் மற்றொரு பக்கமாக இருக்கும். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகமும் அப்படித்தான். சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகள் நடராசரைப் பட்டும் மலரும் சாத்திய கோலத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரில் அலங்காரம் ஏதும் இல்லாததால், தூக்கிய காலின் எடையை ஊன்றிய கால் எப்படித் தாங்குகிறது, மெழுகில் வடித்த உருவம் உலோகமாக மாறியதில் விரல் நுனிவரை எப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க முடியும். அதற்கு அரை மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். ஏழு இடத் திட்டம் அந்த அரை மணியைத் தராது.

‘எங்கள் பிள்ளைகள் மறுபடி எப்போது சென்னை போகப் போகிறார்கள், ஒரே தடவையில் எல்லாம் பார்த்துவிடட்டுமே’ என்ற மறுப்பு நியாயமான இடத்திலிருந்து வருகிறது. குறிஞ்சிப்பாடியில் தறி நெய்கிற, முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்கிற வீடுகளில் சுற்றுலாப் பணம் என்பது பல நாள் கூலி. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகிறது? வாசல் வரை போய்த் திரும்புவதற்கும், பேருந்து இருக்கையில் அசந்து தூங்குவதற்கும், நுழைவுச்சீட்டு வரிசையில் நிற்பதற்கும் பெரும்பகுதி போகிறது. இரண்டு இடங்களை ஆழ்ந்து பார்த்த பிள்ளை மூன்றாவது இடத்தைத் தானே தேடிப் போகும் துணிவைப் பெறுகிறது. வேறு இடங்களைப் பார்க்க அடுத்த ஆண்டும் பள்ளி இருக்கிறது: எட்டாம் வகுப்பில் கோட்டையும் அருங்காட்சியகமும், ஒன்பதில் கோளரங்கமும் 2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் என்று பிரித்துக்கொள்ளலாம். பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் பங்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் ஏற்கலாம்.

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் சுதந்திரம் எங்கே என்றும் கேட்கலாம். இடம் குறைந்தால்தான் சுதந்திரம் கொடுக்க முடியும். மதில் சூழ்ந்த அருங்காட்சியக வளாகத்தில், வாசலில் ஓர் ஆசிரியர் நிற்க, இணை இணையாக ஒரு மணி நேரம் விருப்பப்படி சுற்றி வாருங்கள் என்று அனுப்பலாம். மெரினாவிலோ பாரிமுனையிலோ அப்படிச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் துணிவு வராது. அவசரமும் கூட்டமும்தான் ஆசிரியரை அதட்ட வைக்கின்றன.

ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு இன்னும் கனமானது. பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் முதலில் பணியிடை நீக்கம் எங்களுக்குத்தான், பிறகு ஏன் போக வேண்டும் என்கிறார்கள். மாயனூர் துயரத்துக்குப் பின் நடந்ததும் அதுதான். தவறு செய்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பியாஸ் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமும் பொறுப்பு என்று சொல்லி, இறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. பயணத்தை அனுமதித்த நிறுவனம் அதன் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்பதே இதன் பொருள். அப்படியானால் போதிய ஆட்களையும் பகல் பயணத்தையும் இரண்டாவது ஓட்டுநரையும் கேட்டுப் பெறும் உரிமை ஆசிரியருக்கு இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு நிறுத்தத்தை ரத்து செய்யும் அதிகாரம் எழுத்தில் வேண்டும். பிள்ளைகள் முகம் வாடினாலும், ஓட்டுநர் முணுமுணுத்தாலும், ‘வேண்டாம்’ என்ற அவர் சொல் அங்கே இறுதியாக இருக்க வேண்டும்.

இத்தனை தொல்லைக்குப் பயணத்தையே நிறுத்திவிடலாமே என்பது கடைசி மறுப்பு. 2025 ஜூலை 8 அன்று செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேரை இழந்தோம். அது சுற்றுலா அல்ல. அன்றாடம் பள்ளிக்குப் போகும் வழி. வீட்டைவிட்டு வெளியே போவதில் ஆபத்து இருக்கிறது என்பதற்காக நாம் பள்ளிக்கூடத்தை மூடவில்லை. கேட்டையும் வேனையும் சரிசெய்யச் சொல்கிறோம். சுற்றுலாவுக்கும் அதே நியாயம்தான். சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் பெரிய நூலகங்களும் தலைநகரில் இருக்கின்றன. அவற்றின் வாசலை ஒருமுறையாவது மிதித்த பிள்ளைக்கு அவை தனக்கும் உரியவை என்ற எண்ணம் வரும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை அப்பா அழைத்துப் போவார். மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி இல்லை.

ஆகவே ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். என் பிள்ளையின் குழுவில் எத்தனை பேர், அவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார், ஆசிரியைகள் எத்தனை பேர் வருகிறார்கள், வண்டி இரவில் ஓடுமா, ஓட்டுநர் எத்தனை பேர், நீர்நிலை அருகே நிறுத்தம் உண்டா, போகும் இடங்கள் அன்று திறந்திருக்கின்றனவா? எத்தனை இடம் காட்டுவீர்கள் என்ற கேள்வியை இவற்றுக்குப் பிறகு கேட்டால் போதும். பெற்றோர் இப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டால், உடன் செல்லும் ஆசிரியர் தனியாகச் சொல்லத் தயங்கியதைச் சொல்ல அவருக்குத் துணை கிடைத்துவிடும்; தலைமையாசிரியரும் அடுத்த பயணத்திட்டத்தை வேறு விதமாக எழுதுவார்.