நாய்க்கு வருவது மாதவிலக்கு அல்ல

சென்ற அங்கத்தில் ஒரு தாயார் கேட்டார்: "உதிரப்போக்கு நின்ற பிறகுதான் நாயைத் தாமானில் அவிழ்த்துவிட்டோம். பிறகெப்படிச் சினையானது?" உண்மையைச் சொன்னால், நானும் அதுநாள்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெண்களுக்குக் கரு தங்காதபோது கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து வெளியேறுகிறது. நாய்க்கு நடப்பது வேறு. கருப்பை சினைக்குத் தயாராகும்போதே உதிரம் கசியும். ஏறக்குறைய 9 நாளில் அது வெளிறிக் குறையும். சினைப்பிடிக்கும் நாட்கள் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகின்றன. கதவை இன்னும் இறுக்கிப் பூட்ட வேண்டிய நேரம் அது! உதிரம் கண்ட நாளிலிருந்து 3, 4 வாரம் காவல் தேவை. பொதுவாக ஆண்டுக்கு இருமுறை இப்படி வரும்.

பூனைக்கு உதிரம் தெரியாது. ஓயாத கத்தலும் தரையில் உருளலும்தான் அடையாளம். பெரும்பாலும் இணை சேர்ந்த பிறகே கருமுட்டை வெளிப்படும். பகற்பொழுது அதிகம் மாறாத மலேசியாவில் ஆண்டு முழுதும் அதற்குப் பருவம்தான். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகலாம்.

இன்னொன்று, பெண்களைப்போல் மாதவிடாய் முற்றாக நிற்கும் வயது நாய்க்குக் கிடையாது. கருத்தடை செய்யாத வயதான பெண் நாய், பருவம் முடிந்த சில வாரங்களில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே வடியாமலும் இருக்கும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.