மாஸ்டர், ஒரு வித்தவுட்!

டீக்கடையில் 'வித்தவுட்' கேட்டிருக்கீங்களா மக்களே? ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கோவையில் எங்க காலேஜ் எதிரே இருக்கிற கடையில் முதல் நாள் கேட்டப்போ, ஆத்திக்கிட்டிருந்த மாஸ்டர் கை அப்படியே நின்னுருச்சு. என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "இந்த வயசுலயேங்களா தம்பி?" என்றார். பெஞ்சில் இருந்த பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "சுகரெல்லாம் இல்லண்ணே, வெயிட் குறைக்கிறேன்"னு சொன்னேன். பரிதாபம் போய், கடை மொத்தமும் சிரிச்சது. பரிதாபமே பரவாயில்லை!

எடை 84 கிலோ. உயரம் அஞ்சடி ஏழங்குலம். ஹாஸ்டலில் என் பட்டப்பெயர் என்னங்கிறதை இங்கே எழுத மாட்டேன். அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். ஆனா போன லீவுல மதுரைக்குப் போயிருந்தப்போ, அப்பா வழக்கம்போல விரலைக் குத்தி சுகர் பார்த்துக்கிட்டே சொன்னார்: "எனக்கு முப்பத்தஞ்சுல வந்த தொப்பை உனக்கு இருபதுலயே வந்துருச்சுடா." திட்டலை. பயந்து போய்ச் சொன்னார். அதுதான் உறுத்திருச்சு.

இன்ஜினீயரிங் படிக்கிற பையன் முதல்ல என்ன பண்ணுவான்? கணக்குப் போடுவான். மெஸ் காபி, பதினோரு மணி டீ, சாயங்கால டீ, ராத்திரி ரெக்கார்டு எழுதும்போது இன்னொண்ணு. ஒவ்வொண்ணிலும் ரெண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூனுக்கு 4 கிராம்னு வெச்சாலும் 32 கிராம். கூடவே 300 மில்லி கோலா, அதில் இன்னொரு 32 கிராம். ஆக, தினம் 64. மாசத்துக்கு ஏறக்குறைய ரெண்டு கிலோ! எங்க வீட்டு ரேஷன் கார்டுக்கு நாலு பேருக்கும் சேர்த்துத் தர்றதே ரெண்டு கிலோதான். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, தினம் சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு ஸ்பூனுக்குள் நிறுத்தினா நல்லது. நான் ரெண்டரை ஆள்!

சீனியை நிறுத்தினேன். ஆனா நாக்கு விடுமா? அப்பாவோட அந்தக் குட்டி டப்பா ஞாபகம் வந்தது. அமுக்கினா 'டக்'குனு ஒரு மாத்திரை விழுமே, அதேதான். மெடிக்கல்ல ஒண்ணு வாங்கினேன். உள்ளே இருக்கிறது அஸ்பார்டேம். சீனியைவிட சுமார் 200 மடங்கு இனிப்பு. சுக்ரலோஸ்னா 600 மடங்கு. இதுங்க பிறந்த கதையே காமெடி. 1879-ல் ஃபால்பெர்க் என்கிற கெமிஸ்ட் லேப்ல இருந்து கையைச் சரியா கழுவாம சாப்பிடப் போனதில் கிடைச்சது சாக்கரின். 1965-ல் ஷ்லாட்டர் என்பவர் அல்சர் மருந்து வேலையில் இருந்தப்போ, பேப்பர் எடுக்க விரலை நாக்கில் வெச்சதில் கிடைச்சது அஸ்பார்டேம். எங்க லேப் அசிஸ்டென்ட் பார்த்திருந்தா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்.

ஆறு வாரம் மாத்திரையும் டயட் கோலாவுமா ஓடுச்சு. மெஷின்ல ஏறினா 84.5! தப்பு மாத்திரை மேல இல்லை, என் மேலதான். "டீயில சீனியை மிச்சம் பிடிச்சாச்சே"ன்னு ராத்திரி ரெண்டு பரோட்டா கூடுதலா உள்ளே போச்சு. "டயட் கோலா குடிச்சுக்கிட்டே பரோட்டாவைப் பிச்சுப் போடுறியேடா"னு ரூம்மேட் கேட்டப்போகூட உறைக்கலை.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். எடை குறைக்கிறதுக்காக இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாசம் சொல்லியிருக்கு. நீண்ட நாள் நோக்கில் கொழுப்பு குறைய இது உதவுறதாத் தெரியலையாம். இது ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்களுக்கான அறிவுரை இல்லை. அதனால அப்பா டப்பாவை நான் பிடுங்கலை, அது அவரும் டாக்டரும் பேச வேண்டிய விஷயம். அதே வருஷம் ஜூலையில் அஸ்பார்டேமை 'புற்றுநோய் வரவழைக்கக் கூடும்'கிற பட்டியலில் சேர்த்ததும் பரபரப்பாச்சு. ஆனா கிலோவுக்கு 40 மில்லிகிராம்கிற தினசரி வரம்பை மாத்தலை. 70 கிலோ ஆள் அதைத் தாண்டணும்னா தினம் 9-லிருந்து 14 கேன் டயட் கோலா குடிக்கணுமாம். சோ, பயந்து விடலை. நாக்கு அதே இனிப்புக்கு அலையுதேன்னுதான் விட்டேன்.

ரெண்டையும் நிறுத்தின முதல் வாரம் நரகம். தலைவலி, எரிச்சல், ரூம்மேட்டோட சண்டை. இந்த நேரம் பார்த்து அம்மாகிட்ட இருந்து பார்சல்: ஒரு கிலோ கருப்பட்டி! "சீனிதானே வேண்டாம்னே, இது உடம்புக்கு நல்லதுப்பா." கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே உடம்புக்குள்ள போனா சர்க்கரைக் கணக்குலதான் சேரும்னு அம்மாவுக்கு யார் சொல்றது? நான் சொல்லலை. ரூம்மேட் சாப்பிட்டான். தீபாவளிக்கு அம்மாச்சி சுட்ட அதிரசம் ரெண்டு நான் சாப்பிட்டேன். எண்பது வயசுக் கை சுட்டது, அதுக்கு நான் கணக்குப் பார்க்கலை.

நாலாவது வாரம் நாக்கு மாறுச்சு. வெறும் பால் இனிச்சது. கேரட் இனிச்சது. இன்னொண்ணும் தெரிய வந்தது... எங்க மெஸ் டீயில் டீத்தூளே கிடையாது! இத்தனை நாளா சீனிதான் அதை டீன்னு நம்ப வெச்சிருக்கு.

நாலு மாசத்தில் இப்போ 79. சீனியை விட்டதாலயா, ராத்திரி பரோட்டாவை விட்டதாலயா, தினம் கிரவுண்டை ஆறு ரவுண்டு நடந்ததாலயா? பிரிச்சுச் சொல்லத் தெரியலை. ஒவ்வொண்ணா மாத்திப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "சரி சரி, சாப்பாட்டைக் குறைச்சுடாதே"ன்னார்.

நேத்து ரூம்மேட்டோட டீக்கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே மாஸ்டர் கேட்டார், "ரெண்டும் வித்தவுட்டுங்களா?"

"அய்யோ அண்ணே... எனக்கு நாலு ஸ்பூன். இவனோட பங்கையும் சேர்த்துப் போட்டுருங்க!"