கலாநிதி மாறன்

கலாநிதி மாறன் சன் தொலைக்காட்சிக் குழுமத்தின் நிறுவனர். முன்னாள் மத்திய அமைச்சர் முரசொலி மாறனின் மகன். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் ஸ்கிராண்டன் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பட்டம் பெற்றார்.

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த 1990-இல், 'பூமாலை' என்னும் மாத இதழை வீடியோ கேசட்டாக வெளியிட்டார். திருட்டுப் பிரதிகள் பெருகியதால் அது நின்றுபோனது. கேசட்டைப் படியெடுத்து விற்கலாம். செயற்கைக்கோள் ஒளிபரப்பை அப்படி விற்க முடியாது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. இந்திய மண்ணிலிருந்து தனியார் ஒளிபரப்ப அப்போது அனுமதி இல்லாததால், வெளிநாட்டிலிருந்தே ஒளிபரப்பானது. கேபிள்காரர்கள் அதைக் காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் வீடுகளுக்குக் கொண்டுவந்தனர்.

அரசியல் குடும்பமே அவரை வளர்த்தது என்பர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தொடங்கிய ஆண்டில் தி.மு.க. மாநிலத்திலும் மத்தியிலும் ஆட்சியில் இல்லை என்பதையும் மாணவர்கள் கவனிக்கலாம். 2006-இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.