ஒரு நாள் வகுப்பும் ஆறு நாள் பாடமும்

பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே பயிலும் பிள்ளை என்றதும், தாயோ தந்தையோ அருகில் அமர்ந்து பாடம் சொல்லித் தரும் காட்சிதான் நம் மனதில் தோன்றும். தொடக்கக் கல்விக்கு அது பொருந்தக்கூடும். உயர்நிலை வகுப்பில் இயற்கணிதமும் வேதியியலும் வேற்றுமொழியும் வந்து சேரும்போது, பெற்றோரின் படிப்பு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. பாடம் சொல்பவரும், வேலை வாங்குபவரும், மதிப்பெண் இடுபவரும் ஒருவரே. பெரும்பாலும் அவர் தாய். தாய் சொன்னாள் என்பதற்காகக் கட்டுரையை இரண்டாம் முறை திருத்தி எழுதும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

வீட்டுக்கல்வி 50 மாநிலங்களிலும் சட்டப்படி ஏற்கப்பட்டுள்ள அமெரிக்காவில், இந்தச் சிக்கலுக்குப் பெற்றோர் கண்ட விடைகளுள் ஒன்று வாராந்திர வகுப்புக் குழு. சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு தேவாலயக் கூடத்தையோ நூலக அறையையோ அமர்த்திக்கொள்கின்றன. வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள். மற்ற நாள்களில் வீட்டில் படிக்கிறார்கள். சில குழுக்களில் பெற்றோரே பாடங்களைப் பங்கிட்டுக்கொள்வர். சிலவற்றில் கட்டணம் பெற்று ஒருவர் நடத்துவார்.

வட கரோலினா மாநிலத்தில் 1997-இல் தோன்றிய 'கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ்' என்ற கிறிஸ்தவ அமைப்பு இம்முறையைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. அதன் மேல்வகுப்புகள் ஆண்டுக்கு 30 வாரங்கள் நடைபெறுகின்றன. லத்தீன், கணிதம், அறிவியல், கட்டுரை, விவாதம், தர்க்கம் போன்ற துறைகளுக்கு ஒரே நாளில் அடுத்தடுத்து அமர்வுகள் உண்டு. இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற படிநிலைகளில் கல்வி அமைய வேண்டும் என்று எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையே இக்கல்விமுறையின் வித்து.

வகுப்பு நாளில்தான் பாடம் கற்பிக்கப்படுகிறது என்று கருதினால் இம்முறை விளங்காது. இந்த வாரம் படிக்க வேண்டிய பக்கங்கள், மொழிபெயர்க்க வேண்டிய லத்தீன் வாக்கியங்கள், போட வேண்டிய கணக்குகள், எழுத வேண்டிய கட்டுரையின் பகுதி ஆகிய அனைத்தும் ஒரு தாளில் வந்துவிடும். அவற்றை எந்தக் கிழமையில் முடிப்பது என்று வகுத்துக்கொள்வது மாணவரின் பொறுப்பு. அடுத்த வகுப்பு நாள், படித்ததைப் பேசுவதற்கான நாள்.

கட்டுரைப் பயிற்சியைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஒரு நாவலைப் படித்த பிள்ளை, அதன் கதைமாந்தர் ஒருவர் செய்த செயலைக் கேள்வியாக்குகிறது: அவர் அப்படிச் செய்திருக்க வேண்டுமா? ஒரு தாளில் மூன்று பத்திகள். ஆம் என்பதற்கான காரணங்கள் ஒன்றில், இல்லை என்பதற்கானவை மற்றொன்றில், இரண்டிலும் சேராத சுவையான செய்திகள் மூன்றாவதில். முதல் வாரம் அவ்வளவுதான். வகுப்பில் மற்றவர்கள் தத்தம் காரணங்களைச் சொல்லும்போது, தன் தாளில் இல்லாதவை அந்தப் பிள்ளையின் கண்ணில் படுகின்றன. பிறகு காரணங்களை வகைப்படுத்தல், சட்டகம் அமைத்தல், முழுக் கட்டுரை என்று பணி வாரங்களில் நகர்கிறது. நம் பள்ளிகளில் ஒரே பாடவேளையில் எழுதி முடிக்கப்படும் கட்டுரை, இங்கே சிந்திக்கக் கிடைத்த காலத்தோடு எழுதப்படுகிறது. இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆயத்தமின்றி வரும் பிள்ளையை வகுப்பு நடத்துபவர் தண்டிக்க இயலாது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் பத்துப் பேர் கொண்ட அறையில் நால்வர் நாவலைப் படிக்காமல் வந்தால் விவாதம் நடக்காது. படித்து வந்தவர்களின் ஒரு வார உழைப்பு வீணாகிறது. தாயிடம் சாக்குச் சொல்லும் பிள்ளைக்கு ஒத்த வயதினரிடம் அதே சாக்கைச் சொல்லக் கூச்சம் வருகிறது. ஒப்படைப்பு என்ற சொல்லுக்கு அங்கே முழுப்பொருள் கிடைக்கிறது.

எனினும் மதிப்பெண் இடும் உரிமை பெரும்பாலும் பெற்றோரிடமே இருக்கிறது. கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பெண் பட்டியலையும் பெற்றோரே தயாரிப்பது அங்கே வழக்கம். நியூயார்க் மாநிலம் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கையும் கேட்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் பதிவும் இல்லை, கட்டாயத் தேர்வும் இல்லை. அரசின் கண் படாத இடங்களில், பிள்ளை உண்மையாகவே படிக்கிறதா என்பதைக் குடும்பத்துக்கு வெளியே அறிந்தவர்கள் அந்த வாராந்திர அறையில் இருப்பவர்கள் மட்டுமாகவும் இருக்கலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. வகுப்பு நடத்துபவர் பல வேளைகளில் மற்றொரு மாணவரின் தாய். லத்தீனைப் பிள்ளைகளோடு சேர்ந்தே கற்பவர். கணக்கில் பின்தங்கியவருக்கும் அதே வாரத்தில் அதே அத்தியாயம். வகுப்புக் கட்டணத்தோடு, வேலைக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் ஒருவரின் இழந்த ஊதியத்தையும் கணக்கில் சேர்த்தால், இது எல்லோருக்கும் எட்டும் கல்வி அன்று.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோரைப் பற்றியது. அதற்குப் பின், வீட்டில் பயிலும் பிள்ளைகள் பலர் நாடுவது 1989-இல் அமைக்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. அங்கும் ஒப்படைப்பு உண்டு. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் அதற்கு 20 விழுக்காடு. பயிற்சி மையங்களில் நேர்முக வகுப்புகளுக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அந்த ஒப்படைப்பை எழுதும் மாணவர், அதைப் படித்துவிட்டு மறுப்புச் சொல்ல இன்னொரு மாணவர் இல்லாமலேயே எழுதுகிறார். ஓர் ஊரில் அத்தகைய ஐந்தாறு குடும்பங்கள் இருந்தால், சனிக்கிழமை காலையில் ஓர் அறையும் அனைவரும் படித்து வர ஒரு நூலும் போதும். அரசாணை எதுவும் தேவையில்லை.