பத்தாமுதயம் வரை பத்து நாட்கள்

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஓய்வு பெற்றபின் நகரத்தை விட்டுவிட்டு இந்தத் தோட்டத்து வீட்டில் எப்படித்தான் பொழுதைப் போக்குகிறீர்கள்?" திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு பக்கத்தில் முப்பது சென்ட் நிலமும், ஓட்டு வீடும், கிணறும், ஒரு நாயும், பூனைக் குடும்பமும் எங்களுடையவை. இங்கே பொழுது போவதில்லை. பொழுதுதான் நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. சித்திரை பிறந்து பத்து நாட்கள் எப்படிக் கழிகின்றன என்று சொன்னாலே போதும்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். இங்குள்ள வெயிலில் வியர்வை வழிய நிற்பவனுக்கு அந்தப் பெயர் சற்று வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் தோட்டத்தைக் கேட்டால் பெயர் சரிதான் என்று சொல்லும். மாலையில் மலைப்பக்கம் இடி முழங்கி ஒரு மழை பெய்தால், மறுநாள் காலை மண் முழுக்க முளை கிளம்பியிருக்கும்.

நமக்குச் சித்திரை 1. மலையாளிகளுக்கு மேடம் 1, விஷு. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் வரும். சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளிப் போகும். 2023இல் நம் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. சூரியன் மேட ராசியில் புகும் நேரத்தை இரு நாட்டாரும் வெவ்வேறு விதமாகக் கணக்கிடுவதே காரணம். இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். விஷு புத்தாண்டு போலக் கொண்டாடப்பட்டாலும், கொல்லம் ஆண்டுக் கணக்கு மாறுவது சிங்ங மாதத்தில், அதாவது நம் ஆவணியில்தான்.

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. விடியுமுன் உருளியில் அரிசி, கனிவெள்ளரி, தேங்காய், கண்ணாடி, கொன்றைப்பூ வைத்துக் கனி காண்போம். மதியம் வேப்பம்பூப் பச்சடி. கொன்றை கேரளத்தின் மாநில மலர். இப்போதெல்லாம் மாசி, பங்குனியிலேயே பூத்து உதிர்ந்துவிடுகிறது. விஷுவன்று பூவுக்கு அலைய வேண்டியிருக்கிறது.

இங்குள்ள விவசாயிகளின் நாட்காட்டி ஞாற்றுவேலை. ஞாயிறு ஒரு நட்சத்திரத்தில் தங்கும் வேளை என்று பொருள் சொல்வார்கள். ஆண்டை 27 நட்சத்திரங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் பதின்மூன்று, பதினான்கு நாட்கள் வரும். மேடம் 1இல் அசுவதி ஞாற்றுவேலை தொடங்கும். முதல் மழையின் ஈரத்தில் இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் போகும். ஜூன் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலை நல்லமிளகுக் கொடி நடும் காலம். சேனைக்கு மட்டும் அதற்கு முன்பே நாள் குறித்துவிட்டார்கள். கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்பது இங்குள்ள பழமொழி. கும்பம் நம் மாசி. நான் முதல் ஆண்டு பங்குனியில் நட்டேன். பழமொழி பொய்யில்லை என்று அறுவடையின்போது தெரிந்தது.

மரச்சீனியைப் பற்றிச் சொல்லாவிட்டால் திருவிதாங்கூர்த் தோட்டம் முழுமை பெறாது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்புவதில் பெரும் ஆர்வம் காட்டினார். கிழங்குப் பயிர்களுக்கென்றே ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. 'ஸ்ரீ பத்மா' என்ற சேனை ரகம் அங்கிருந்து வந்ததே.

மேடம் 10 பத்தாமுதயம். அன்று சூரியன் உச்சம் பெறுவதாகச் சோதிடம் கூறும். தென்னம்பிள்ளை நட அதைவிட நல்ல நாள் இல்லை என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. சோதிடத்தை நம்பாதவருக்கும் இதில் பயன் உண்டு. அன்று நட்ட பிள்ளை கோடைமழையில் வேர் பிடித்துக்கொள்ளும். ஜூன் முதல் வாரம் இடவப்பாதி மழை வரும்போது நிலைத்து நிற்கும். மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி வேண்டும். செம்பாறை நிலமானால் நாலடி வெட்டி, பாறை இளகுவதற்கு இரண்டு கிலோ உப்பைப் போட்டு முன்கூட்டியே ஆறவிட வேண்டும்.

சென்ற சித்திரையில் எங்கள் பத்து நாட்களும் வேறு விதமாகக் கழிந்தன. பள்ளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். மேடம் 3 மாலை, இடி இடித்த நேரம். பயந்து ஓடிய பூனைக்குட்டியைப் பிடிக்கப் போனாள். அது அவள் விரலைக் கடித்துவிட்டது. இரத்தம் கசிந்தது. என் மனைவி மஞ்சள்பொடி டப்பாவை எடுத்தாள். "குட்டிப் பூனைதானே, ஒன்றும் ஆகாது" என்று நானும் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சேச்சி வேலிக்கு அப்பால் நின்று போட்ட சத்தம்தான் எங்களை விழிக்கச் செய்தது. "மஞ்சள் வேண்டாம் அண்ணா! சோப்பும் தண்ணீரும்! பதினைந்து நிமிடம் கழுவுங்கள்!"

அவர் சொன்னதே சரி. வெறிநோய் நாய்க்கடியால் மட்டும் வருவதன்று. பூனைக்கடியாலும் பிராண்டலாலும் வரலாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதே முதல் மருந்து. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பக் கூடாது. இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும் போடவேண்டும். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை, அதற்குமுன் தடுத்துவிடலாம். அன்றிரவே அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். சீரமும் முதல் ஊசியும் போட்டார்கள். பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள்.

இதில் குற்றம் எங்களுடையதே. நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடும் நான், பூனைகளை 'தானே வந்து தானே வாழ்பவை' என்று விட்டிருந்தேன். செய்தி கேட்ட மகன், "அப்பா, அந்த இடத்தை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் கோபித்தான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குட்டியைக் கூடையிலிட்டுப் பத்து நாட்கள் கவனித்தோம். கடித்த நாயோ பூனையோ பத்து நாட்களுக்குப் பின்னும் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அந்த முடிவுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. குட்டி பாலைக் குடித்துக் கூடையைப் பிராண்டிக்கொண்டு சுகமாகவே இருந்தது. பிறகு எல்லாப் பூனைகளையும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு வந்தேன்.

ஏழாம் நாள் ஊசி சரியாகப் பத்தாமுதயத்தன்று வந்தது. காலையில் ஊசி போட்டுத் திரும்பியதும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, தென்னம்பிள்ளையை நான் நடட்டுமா?" குழியில் இறங்கி அவளே வைத்து மண் தள்ளினாள். ஆச்சி முதல் குடம் தண்ணீர் ஊற்றினாள். நான்காம் ஊசி பெங்களூரில் போட்டாகிவிட்டது. நெட்டை இனத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலத்தை விற்கக் கூடாது என்று அவளே தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம்.

தோட்டமும் பிராணிகளும் உள்ள வீடுகளில் விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் வருமுன் மாம்பழமும் வருக்கைச் சுளையும் எடுத்துவைப்பது நம் வழக்கம். அதோடு நாய், பூனைகளின் ஊசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.