கடைச் சிப்பந்திகளுக்கு ஒரு விதிமுறை நோட்டு



சரக்கு வாங்கினால் பில் கேட்கிறோம். கடன் கொடுத்தால் பேரேட்டில் பற்று எழுதுகிறோம். நம்மிடம் வேலை செய்யும் சிப்பந்திகள் விஷயத்தில் மட்டும் எல்லாமே வாய்வார்த்தைதான். சம்பளம் எந்தத் தேதியில், லீவு எத்தனை நாள், கல்லாவில் பணம் குறைந்தால் என்ன செய்வது என்று எதுவும் எழுத்தில் இருப்பதில்லை. "நம்ம பையன்தானே" என்று விட்டுவிடுகிறோம். இதனால் நாம் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நம் மண்டிக் கல்லாவில் 4,200 ரூபாய் குறைந்தது. அன்று கல்லாவில் இருந்தவர் 11 ஆண்டுகள் நம்மிடம் வேலை பார்த்தவர். கோபத்தில் நாலு பேர் முன்னிலையில் கேட்டோம். அன்றே கணக்கு முடித்து அனுப்பியும் விட்டோம். மூன்றாம் நாள் லாரி வாடகை ரசீது வந்தது. மதியம் நாமே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது. சிட்டையில் எழுத மறந்திருக்கிறோம். அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டோம். "பணம் கெடச்சிருச்சு, சரி அண்ணாச்சி. என் பேரு கெடைக்குமா?" என்று கேட்டார். அவர் திரும்பி வரவில்லை.

அதன் பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டு விதிகளை எழுதினோம். நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்டே எழுத வேண்டும்.

1. வேலை நேரம்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தவருக்கு 1 மணி நேரம் ஓய்வு. தீபாவளி, பொங்கல் நெருக்கடியில் கூடுதல் வேலை வாங்கினாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக்கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி.

2. விடுமுறை: வாரம் ஒரு நாள், சம்பளத்துடன். ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு. அது தவிர நோய்க்கு 12, தற்செயலாக 12. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களும், பண்டிகை நாட்கள் ஐந்தும் தனி.

3. சம்பளம், முன்பணம்: நம் மண்டியில் 5-ஆம் தேதி சம்பளம். முன்பணம் கொடுத்தால், மாதம் எவ்வளவு பிடிப்பது என்று அன்றே எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம்.

4. கல்லா: மாலையில் இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். சீட்டு எழுதாமல் ஒரு ரூபாய்கூட வெளியே போகக்கூடாது. இந்த விதி முதலில் முதலாளிக்கு!

5. குற்றச்சாட்டு: யாரையும் கடையில் வைத்துக் கேட்பதில்லை. குறையை எழுதிக் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தருகிறோம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமின்றி நீக்கச் சட்டம் இடம் தராது. காரணம் இருந்தாலும் ஒரு மாத அறிவிப்போ, ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் விசாரித்துத் தக்க சாட்சியத்துடன் நிரூபித்த பின்பே அறிவிப்பின்றி நீக்கலாம். நாம் அன்று செய்தது நியாயத்துக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் புறம்பானது.

6. உட்காரும் வசதி: 2021-இல் வந்த திருத்தப்படி, வேலை செய்பவர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயம். 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பது குற்றம். தெரிந்தவர் சிபாரிசு என்றாலும் வேண்டாம்.

"எழுதி வைத்தால் நாளைக்கு நம்மையே கேள்வி கேட்பான்" என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கேட்கட்டும். தாமதமாக வந்தவரை நாமும் அதே நோட்டைக் காட்டித்தானே கேட்கிறோம்? முன்பு வேண்டியவருக்கு ஒரு நியாயம், வேண்டாதவருக்கு ஒரு நியாயம் என்றிருந்த பேச்சு இப்போது நம் மண்டியில் இல்லை.

இரண்டு பேர் வேலை செய்யும் மளிகைக் கடைக்கு இரண்டு பக்கம் போதும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். கடையடைத்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. நாம் 11 ஆண்டு நம்பிக்கையை இழந்த பிறகு செய்தோம். நீங்கள் இழக்கும் முன்பே செய்துவிடுங்கள்.